குடியரசுத் தலைவர் வேட்பாளரும் அனுபவமும்: எதைக் கணக்கில் எடுப்பது?

(புதுச்சேரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபைக்கு வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, கல்லூரியிலிருந்து நேராக வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

பாரதி பூங்காவின் ஒரு பக்கம் நம் சட்டப்பேரவை. இன்னொரு பக்கம் ராஜ்நிவாஸ். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு கட்டடத்தில், டெல்லி அனுப்பியவர் இன்னொரு கட்டடத்தில். இரண்டுக்கும் நடுவே உரசல் வரும்போதெல்லாம் முதலமைச்சரைப் பற்றிப் பேசுகிறோம், துணைநிலை ஆளுநரைப் பற்றிப் பேசுகிறோம், பிரதமரையும் இழுக்கிறோம். குடியரசுத் தலைவரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் அரசியலமைப்பின் 239-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். யூனியன் பிரதேசத்தின் நிர்வாகம் குடியரசுத் தலைவருடையது. ராஜ்நிவாஸில் இருப்பவர் அவர் அமர்த்திய நிர்வாகி. 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தில் 50-ஆவது பிரிவு, நிர்வாகியும் அமைச்சரவையும் குடியரசுத் தலைவரின் பொதுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள் என்கிறது. 2021 பிப்ரவரியில் இங்கே ஆட்சி கவிழ்ந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்ததே, அதுவும் அதே சட்டத்தின் 51-ஆவது பிரிவின் கீழ்தான். ஆகவே அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது எல்லையிலுள்ள கோட்டகுப்பத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருப்பவர்களைவிட நமக்கு ஒரு படி நெருக்கமான விஷயம்.

நம் கையில் என்ன பலம் இருக்கிறது? 1992-இல் வந்த 70-ஆவது திருத்தத்தின் பயனாகத்தான் டெல்லி, புதுச்சேரி பேரவை உறுப்பினர்களுக்கு இந்தத் தேர்தலில் வாக்கு கிடைத்தது. கணக்கு எளிது. 1971 கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகை 4,71,707. அதை 30 தொகுதியால் வகுத்து, வந்ததை மறுபடி 1,000-ஆல் வகுத்தால் 15.7. முழு எண்ணாக்கினால் 16. பாகூரோ மாகேயோ ஏனாமோ, நம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருடைய வாக்கின் மதிப்பு அதுதான். தமிழ்நாட்டு உறுப்பினருக்கு 176. நம் 30 பேரும் சேர்ந்தால் 480. நியமன உறுப்பினர் மூவர் பேரவையில் வாக்களிக்கலாம், இந்தத் தேர்தலில் முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான் உரிமை. மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர் இருவருக்கும் 2022 தேர்தலில் ஆளுக்கு 700. மொத்தம் 1,880. நாடு முழுவதற்குமான மொத்தம் அன்று 10,86,431. வேட்புமனுவுக்கு 50 பேர் முன்மொழிய வேண்டும், வேறு 50 பேர் வழிமொழிய வேண்டும். நம்மவர் 32 பேரும் ஒன்றுசேர்ந்தாலும் ஒருவரை முன்மொழியக்கூட முடியாது. எண்ணிக்கையில் நாம் சிறியவர்கள். அதனால்தான் கேள்வி கேட்பதில் நாம் கூர்மையாக இருந்தாக வேண்டும்.

இப்போது அனுபவத்துக்கு வருகிறேன். 58-ஆவது பிரிவு என்ன தகுதி கேட்கிறது? இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மக்களவைக்குப் போட்டியிடும் தகுதி வேண்டும், ஆதாயம் தரும் பதவியில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அனுபவம் என்ற சொல்லே அதில் இல்லை. சட்டம் விட்ட அந்த இடத்தை நிரப்ப வேண்டியது வாக்களிப்பவர்களின் பொறுப்பு. அங்கேதான் தவறு நடக்கிறது. வேட்பாளர் அறிவிக்கப்பட்ட அன்று பத்திரிகையில் ஒரு பட்டியல் வரும்: இத்தனை முறை எம்.பி., இத்தனை ஆண்டு அமைச்சர், இந்த மாநிலத்துக்கு ஆளுநர். நாமும் ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறோம்.

அந்தப் பதவியின் வேலை என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். 42-ஆவது திருத்தம் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் நடக்க வேண்டும் என்று கட்டிப்போட்டது. 44-ஆவது திருத்தம் ஒரு சிறு கதவைத் திறந்தது: ஒருமுறை, ஒரே ஒருமுறை, "மீண்டும் யோசியுங்கள்" என்று திருப்பி அனுப்பலாம். மறுபடி அதே ஆலோசனை வந்தால் ஏற்றே ஆக வேண்டும். மசோதாக்களுக்கும் 111-ஆவது பிரிவில் இப்படி ஒரு வழி உண்டு. அந்த ஒரு வாய்ப்பை எப்போது பயன்படுத்துவது, அந்தக் கோப்பில் எந்தத் தாள் இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இதுதான் வேலையின் உயிர்நாடி.

இதைச் சில இரவுகளை வைத்துப் பார்க்கலாம். ஏனென்றால் பெரிய கையெழுத்துகள் பல இரவில்தான் கேட்கப்பட்டிருக்கின்றன.

1975 ஜூன் 25 இரவு. நெருக்கடி நிலைப் பிரகடனம் ஃபக்ருதீன் அலி அகமதுவின் மேசைக்கு வருகிறது. அவர் அனுபவம் இல்லாதவரா? 1938-லேயே அசாமில் அமைச்சர். அசாமின் அட்வகேட் ஜெனரலாக இருந்த வழக்கறிஞர். மத்திய அமைச்சராகவும் இருந்தவர். பிரதமரின் கடிதத்தில் ஒரு வரி தெளிவாகவே இருந்தது: இன்றிரவு அமைச்சரவையைக் கூட்ட முடியவில்லை, அலுவல் விதிகளின் 12-ஆவது விதிப்படி விலக்கு எடுத்துக்கொள்கிறேன், காலையில் அமைச்சரவைக்குச் சொல்வேன். அமைச்சரவை கூடவில்லை என்று எழுதியிருந்த தாளின்மேல்தான் கையெழுத்து விழுந்தது. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. பிறகு 44-ஆவது திருத்தம்தான், அமைச்சரவை முடிவு எழுத்தில் வராமல் நெருக்கடி நிலையைப் பிறப்பிக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டது.

அந்தப் பூட்டு நெருக்கடி நிலை பற்றிய 352-ஆவது பிரிவுக்கு மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். அதே 12-ஆவது விதி 2019 நவம்பர் 23 அதிகாலையில் திரும்ப வந்தது. அமைச்சரவை கூடாமலே மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி விலக்கப்பட்டது. உத்தரவில் இருந்த நேரம் காலை 5.47. சற்று நேரத்தில் முதலமைச்சர் பதவியேற்பு. சில நாளில் அந்த ஆட்சி விலகியது. அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த், மாநிலங்களவையில் 12 ஆண்டு இருந்தவர், பிகாரில் ஆளுநராகவும் இருந்தவர்.

இப்போது நம் எல்லாருடைய அன்புக்கும் உரியவரைப் பற்றிச் சொல்கிறேன். அப்துல் கலாம் கட்சி அரசியலில் இருந்ததே இல்லை. 2005 மே மாதம் அவர் மாஸ்கோவில் இருக்கிறார். பிகார் சட்டப்பேரவையைக் கலைக்கும் ஆலோசனை இரவில் தொலைநகலில் போகிறது. ஒப்புதல் தருகிறார். அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் பின்னர் சொன்னது. அரசியலில் பழகிய ஒருவர், "நான் டெல்லி திரும்பும்வரை பேரவை எங்கே ஓடிவிடப் போகிறது?" என்று கேட்டிருக்கக்கூடும். ஆனால் அதே கலாம், மறு ஆண்டு மே மாதம், ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மாற்றமில்லாமல் மீண்டும் நிறைவேற்றியதால் பிறகு கையெழுத்திட்டார். வெளியிலிருந்து வந்தவரும் கற்றுக்கொள்வார், ஆனால் கற்றுக்கொள்ளும் காலம் பதவிக்காலத்திலிருந்தே கழியும். அது ஐந்தே ஆண்டு.

கே.ஆர். நாராயணனை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியுறவுப் பணியில் வளர்ந்தவர், ஒற்றப்பாலத்தில் மூன்று முறை வென்றவர், துணைக் குடியரசுத் தலைவராக மாநிலங்களவையை நடத்தியவர். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கும்படி குஜ்ரால் அமைச்சரவை சொன்னது. முதலமைச்சர் அப்போதுதான் பேரவையில் நம்பிக்கை வாக்கு வென்றிருந்தார். பெரும்பான்மையைப் பேரவையில்தான் எண்ண வேண்டும் என்று 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்லியிருந்தது. கோப்பு திரும்பிப் போனது, அமைச்சரவை கைவிட்டது. 1998-இல் வாஜ்பாய் அமைச்சரவை பிகாருக்கு அதே ஆலோசனை தந்தபோது அதுவும் திரும்பிப் போனது. இரண்டு வேறு அணிகளின் அரசு, ஒரே அளவுகோல். நான் அனுபவம் என்று சொல்வது இதைத்தான்.

ஒருவரே இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறார் என்பதையும் மறைக்கக் கூடாது. நம் ஆர். வெங்கட்ராமனைவிட நிறைந்த அனுபவம் யாருக்கு இருந்தது? காமராஜர் அமைச்சரவையில் தொழில்துறை, பிறகு மத்தியில் நிதி, பாதுகாப்பு, துணைக் குடியரசுத் தலைவர். 1989-இல் யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது முதலில் தனிப்பெரும் கட்சியை அழைத்தார், அது மறுத்ததும் அடுத்ததை அழைத்தார். வரிசை சுத்தமாக இருந்தது. 1991-இல் எம்.பி.க்களின் ஓய்வூதிய மசோதா, குடியரசுத் தலைவரின் முன்பரிந்துரை பெறாமலே நிறைவேறியிருந்ததைக் கண்டு ஒப்புதல் தரவில்லை. அந்தக் குறை கண்ணில் பட வேண்டுமானால் நிதியமைச்சகக் கோப்புகளைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். அதே 1991-இன் ஜனவரி 30 அன்று, ஆளுநர் பர்னாலா அறிக்கை தராமலே, தமிழ்நாட்டு அரசைக் கலைக்கும் பிரகடனத்தில் கையெழுத்தானதும் அவர் காலத்தில்தான். மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிசெய்யும் 356-ஆவது பிரிவில், ஆளுநர் அறிக்கையின்பேரில் என்பதை அடுத்து உள்ள "அல்லது வேறு வகையில்" என்ற சொற்களுக்குள் அது அடங்கும் என்று வாதிடலாம். திருப்பி அனுப்பும் உரிமையும் அன்று அவருக்கு இருந்தது.

ஆகவே பதவிகளைத் தனித்தனியே எடை போட வேண்டும். அமைச்சராக இருந்தவருக்குக் கோப்பு படிக்கத் தெரியும்; இணைப்பில் எது விடுபட்டிருக்கிறது என்று தெரியும். அவையை நடத்தியவருக்கு எதிர்த்தரப்பைப் பேசவிட்டு, பிறகு விதியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இருக்கும். துணைக் குடியரசுத் தலைவராக இருந்து மேலே போனவர்கள் இதுவரை ஆறு பேர். ஆளுநராக இருந்தவரைப் பற்றித்தான் கவனமாக விசாரிக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பதவி இந்தப் பதவிக்கு ஒத்திகை மாதிரி. எந்த மசோதாவைத் திருப்பினார், காரணம் எழுதினாரா, அல்லது ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் கிடப்பில் போட்டாரா? கட்சி அமைப்பில் மட்டும் வளர்ந்தவருக்கு ஆட்களைத் தெரியும், பேரம் தெரியும். தொங்கு நாடாளுமன்றத்தில் அது உதவும். ஆனால் நன்றிக்கடனும் கூடவே வரும்.

ஒத்திகை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சான்று. திரௌபதி முர்மு 1997-இல் ராய்ரங்பூரில் கவுன்சிலராகத் தொடங்கியவர், ஒடிசாவில் அமைச்சராக இருந்தவர். 2017-இல் ஜார்க்கண்ட் ஆளுநராக, சோட்டாநாக்பூர், சந்தால் பர்கனா குத்தகைச் சட்டங்களைத் திருத்தும் மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். பழங்குடி மக்களின் நிலம் பற்றிய மசோதாக்கள் அவை. அப்போது ராஞ்சியில் ஆண்டது அவர் எந்தக் கட்சியிலிருந்து வந்தாரோ அந்தக் கட்சி. தன் சொந்தக் கட்சியிடம் ஒருமுறையாவது "இல்லை" என்று சொன்னதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறதா என்று நான் தேடச் சொல்வது இப்படிப்பட்டதைத்தான். ஜனாதிபதியாக அவர் எப்படிச் செயல்பட்டார் என்பதை இதே தராசில் வைத்து நீங்களே பாருங்கள்.

அடுத்த தேர்தல் 2027 ஜூலைக்குள் நடந்தாக வேண்டும். அன்று நம் சட்டமன்ற உறுப்பினருக்கு இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டும், தேர்தல் ஆணையம் தரும் ஊதா மைப் பேனாவும் கிடைக்கும். எம்.பி.க்குப் பச்சைச் சீட்டு. பெயருக்கு நேரே விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும். 1 என்றும் எழுதலாம், நம் தமிழ் எண்ணில் ௧ என்றும் எழுதலாம். "ஒன்று" என்று எழுத்தால் எழுதினால் செல்லாது. டிக் அடித்தாலும் செல்லாது. 2022-இல் நாடு முழுக்க 53 வாக்குகள் செல்லாமல் போயின. அதில் 15 எம்.பி.க்களுடையவை. இவ்வளவு அனுபவசாலிகள் வாக்களிக்கும் தேர்தலில்!

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது. வாக்கு ரகசியம். மாற்றிப் போட்டார் என்று கட்சித்தாவல் சட்டத்தில் பதவி பறிக்க முடியாது. ஆக "கட்சி சொன்னது, போட்டேன்" என்ற பதிலை நம் உறுப்பினரிடமிருந்து ஏற்க வேண்டியதில்லை. வேட்பாளர்கள் பெயர் வெளிவந்த வாரத்தில் தொகுதி அலுவலகத்துக்குப் போங்கள். இந்த வேட்பாளர் எந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், அப்போது ஆட்சியில் இருந்தது யார், யூனியன் பிரதேச மசோதா ஒன்று தன் மேசைக்கு வந்தால் எத்தனை நாளில் முடிவு சொல்வார் என்று அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். வேட்பாளர்கள் ஆதரவு கேட்டு மாநிலம் மாநிலமாக வருவது வழக்கம். வரும்போது முப்பது பேரில் ஒருவராவது எழுந்து கேட்கட்டும்.