காசி என்றொரு கடலோர ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருஷங்களுக்கு முன் நான் காசிக்குப் போய் வந்தேன் என்று சொன்னபோது, எதிர் வீட்டு அம்மா தீர்த்தச் சொம்பு கேட்டார். நான் போன காசியில் கங்கை இல்லை. பிரான்சின் தென்கரையில், மார்செய் நகரத்துக்குக் கிழக்கே மத்தியதரைக் கடலோரம் இருக்கிற சின்ன மீன்பிடி ஊர் அது. எழுத்துக் கூட்டிப் படித்தால் 'கஸிஸ்' என்று வரும். ஊர்க்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். காதுக்குக் கிட்டத்தட்ட நம் காசிதான். 'பாரிஸைப் பார்த்தும் கஸியைப் பார்க்காதவன் எதையும் பார்க்கவில்லை' என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. அந்த மண்ணின் கவிஞர், 1904இல் நோபல் பரிசு வாங்கிய ஃபிரெடெரிக் மிஸ்ட்ரால் பெயரைச் சொல்லித்தான் அதைச் சொல்வார்கள். மிஸ்ட்ரால் என்ற பெயரை நினைவில் வையுங்கள், அது இன்னொரு தடவை வரும்.

அந்த ஊருக்கு நடக்கிறவர்கள் போவது 'கலாங்க்' பார்க்க. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கும், நடுவில் கடல் ஒரு விரலை நீட்டியது போல உள்ளே வந்திருக்கும். அதுதான் கலாங்க். ஒரு காலத்தில் இவை நிலத்துப் பள்ளத்தாக்குகள். பனியுகம் முடிந்து கடல் ஏறியபோது மூழ்கிப் போனவை. மார்செய்க்கும் கஸிக்கும் நடுவே இப்படிப் பல. 2012இல் இந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

நான் போனது ஜூலையில். புது ஷூ, முதுகுப் பை, வரைபடம் எல்லாம் தயார். முந்தின நாள் சாயங்காலம், தங்கியிருந்த வீட்டுக்கார மூதாட்டி போனைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு மூடல்" என்றார். கடையடைப்பா என்று கேட்டேன். "காடு மூடல்" என்றார்.

ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை அங்கே அப்படித்தான். மறுநாள் பாதைகளில் போகலாமா கூடாதா என்று மாவட்ட நிர்வாகம் முந்தின மாலையே அறிவித்துவிடும். தீ அபாயத்தைப் பொறுத்த முடிவு அது. ஊரே வெயிலில் பளிச்சென்று இருக்கிறது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, இவர்கள் எதற்கு மூடுகிறார்கள் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

மறுநாள் காலை விடை கிடைத்தது. வடமேற்கிலிருந்து ஒரு காற்று. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே இறங்கி வரும் குளிர்ந்த, வறண்ட காற்று. துறைமுகத்துப் படகுகளின் கயிறுகள் கம்பங்களில் அடித்துக்கொண்டே இருந்தன. ஓட்டல் மேஜை விரிப்புகளுக்கெல்லாம் கிளிப் போட்டிருந்தார்கள். இந்தக் காற்றின் பெயரும் மிஸ்ட்ரால்தான். மேகத்தை விரட்டி வானத்தைத் துடைத்து வைப்பதும், புல்லையும் சுள்ளியையும் சுக்காகக் காய வைப்பதும் இதே காற்று. பளிச்சென்ற நாள்தான் ஆபத்தான நாள். அங்கே நிற்கிற மரங்கள் பெரும்பாலும் அலெப்போ பைன், உள்ளே பிசின். கீழே ரோஸ்மேரி, அதிலும் எண்ணெய். ஒரு சிகரெட் துண்டு போதும். 1990 ஆகஸ்டில் இப்படி ஒரு தீ ஆயிரக்கணக்கான ஏக்கரை எரித்துத் தள்ளியிருக்கிறது.

அதற்கு அடுத்த நாள் காற்று படுத்துவிட்டது. விடியற்காலையிலேயே கிளம்பினேன்.

துறைமுகத்திலிருந்து மேற்கே, வீடுகளுக்கு நடுவே ஏறி இறங்கினால் முதலில் போர் மியூ. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான கலாங்க், நூற்றுக்கணக்கான பாய்மரப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அழகு என்று பார்த்தால், அன்று நான் பார்த்த மூன்று கலாங்குகளில் இதற்குக் கடைசி இடம்தான். ஆனால் இதன் அடியில் ஒரு ஆறு இருக்கிறது. மலைக்கு மேலே பெய்த மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் இறங்கி, நிலத்தடியில் ஓடி, கடலுக்குள்ளேயே வெளியே வருகிறது. அந்த நீரைப் பிடித்து உபயோகிக்கலாம் என்று குகைக்குள் தடுப்பணைகூடக் கட்டிப் பார்த்தார்கள். உப்பு போகவில்லை. ஆக, மேலே நடக்கிறவனுக்கு வழி முழுக்க ஒரு சொட்டு குடிதண்ணீர் கிடையாது, அவன் காலுக்குக் கீழே ஆறு போகிறது. 'கசி' என்ற நம் வினைச்சொல் எனக்கு அங்கேதான் ஞாபகம் வந்தது.

பாதையோரத்தில் பழைய கல்குவாரி. கஸிக் கல் பேர்போனது. பக்கத்து மார்செய்த் துறைமுகத்துக்கெல்லாம் இங்கிருந்துதான் கல் போனது. பாறையைக் கத்தியால் அரிந்த மாதிரி சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

அங்கிருந்து போர் பேன். பைன் மரங்களின் துறை என்று அர்த்தம். பாறை வெடிப்பில் வேரை விட்டுத் தண்ணீர் மேல் சாய்ந்து நிற்கும் மரங்கள், கீழே சின்ன மணல்திட்டு. துறைமுகத்திலிருந்து இதுவரை ஒரு மணி நேரம் ஆகும், குழந்தைகளையும் கூட்டி வரலாம். பல பேர் இங்கேயே துண்டை விரித்துவிடுகிறார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆன்வோ. அதற்கு முதலில் மேலே ஏற வேண்டும், சிவப்பும் வெள்ளையுமாகப் பாறையில் பூசிய கோடுகளைப் பார்த்துக்கொண்டே. உச்சியில் நின்று பார்த்தால், கீழே இரண்டு வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே தண்ணீர். கரையோரம் பச்சை, நடுவில் மயில் கழுத்து, வாயில் கருநீலம். எதிர்ச் சுவரில் கயிறு கட்டி ஏறுகிறவர்கள் எறும்பு அளவில் தெரிந்தார்கள். சரி, இறங்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இந்த இறக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சுண்ணாம்புக் கல்லில் ஆயிரமாயிரம் பேர் கால் பட்டுப் பட்டு, நம் பழைய கோயில் படிக்கட்டு மாதிரி வழவழவென்று ஆகியிருக்கிறது. கண்ணாடி போல மின்னும். மழை பெய்யாமலேயே வழுக்கும். என் புது ஷூவின் அடி, கடைக்காரர் சொன்னதற்கு நேர்மாறாக, சோப்புக்கட்டி. இரண்டாவது வளைவில் கால் போய், உட்கார்ந்த நிலையிலேயே ஒரு ஆள் உயரம் சறுக்கினேன். தாங்கிக்கொள்ளக் கையை நீட்டிய இடத்தில் பஞ்சு மெத்தை போல உருண்டையாக ஒரு செடி. மெத்தை இல்லை, முழுக்க முள். மார்செய்ப் பக்கத்துக் கடற்கரையில் வளர்கிற, சட்டம் போட்டுப் பாதுகாக்கிற செடியாம். உள்ளூரில் அதற்கு 'மாமியார் மெத்தை' என்று பெயர். பெயர் வைத்தவர் மருமகனா மருமகளா தெரியவில்லை, அனுபவஸ்தர்.

கீழே கூழாங்கல் கரையில் உட்கார்ந்து முள் எடுத்தேன். கொண்டு போன ஒரு லிட்டர் தண்ணீர் அங்கேயே தீர்ந்துபோனது. ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறைந்து போகாதீர்கள்.

அந்தக் கரையில் இருந்தபோது, இன்னும் மேற்கே மோர்ஜியூ முனையில் இருக்கிற குகையை நினைத்துக்கொண்டேன். கஸியில் கடலில் மூழ்கக் கற்றுத்தரும் பள்ளி வைத்திருந்த ஆழ்கடல் மூழ்காளர் ஆன்ரி கொஸ்கே 1985இல் கண்டுபிடித்தது. வாசல் கடலுக்கு அடியில் 37 மீட்டர் ஆழத்தில். உள்ளே நீண்ட சுரங்கம் மேலேறிப் போய், ஒரு பகுதி தண்ணீருக்கு மேலே இருக்கிற ஒரு கூடத்தில் முடிகிறது. சுவரில் குதிரைகள், கைத்தடங்கள், இன்று உலகத்திலேயே இல்லாத ஒரு கடற்பறவை. மிகப் பழைய தடங்களுக்கு 27,000 ஆண்டுகளுக்கு மேல் வயது. வரைந்தவர்கள் மூழ்கிப் போகவில்லை, நடந்துதான் போனார்கள். அப்போது கடல் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 2022இல் மார்செய் நகரத்தில் அதன் நகலை அமைத்திருக்கிறார்கள், டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

அதே 2022இல்தான் இன்னொன்றும் நடந்தது. சுஜித்தோன் என்கிற கலாங்குக்குக் கோடையில் ஒரு நாளைக்கு 400 பேர்தான் என்று முன்பதிவு வைத்தார்கள். கட்டணம் இல்லை. அதற்கு முன் உச்ச நாட்களில் 2,500 பேர் வரை போய், மண் கரைந்து பைன் வேர்கள் வெளியே தொங்கத் தொடங்கிவிட்டன.

ஊருக்குக் கிழக்கே கானாய் முனை. இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் செங்காவி. 394 மீட்டர் உயரத்தில் கடல் பார்த்த குன்றுச் சுவர், மேலே முகட்டோடு லா சியோத்தா ஊர் வரை பாதை. என் முழங்கால் இருந்த நிலையில் கீழிருந்தே பார்த்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது சாயங்காலம். முன் அறையில் ஒரு ஜெர்மன் தம்பதி, பளபளவென்று புது ஷூ, மேஜை நிறைய வரைபடம். மூதாட்டி போனைப் பார்த்தார். எனக்கு அவர் முகத்திலேயே தெரிந்துவிட்டது. நாற்காலியை அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டு, நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன்.

வணக்கம்.