அம்மாயிக்கு எத்தனை தலகாணி? மூச்சு வாங்கறதப் பத்திப் பேசலாமுங்க

வணக்கமுங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? பின்னாடி ஓன்னு ஒரு சத்தம் கேக்குது பாருங்க, அது மைக் கோளாறு இல்லீங்க, ஆடிக்காத்து. பாலக்காட்டுக் கணவாயில நுழைஞ்சு வர்ற காத்து எங்க பல்லடம் பக்கம் வந்தா இப்படித்தான் அடிக்கும். வெளிய திண்ணையில உக்காந்து எடுக்கலாம்னு பாத்தேன், புழுதி தாங்கல. அதனால ஊட்டுக்குள்ள ஆசாரத்துலயே உக்காந்துட்டேன்.

போன வாரம் தூதுவளை ரசம் வச்சுக் காமிச்சேன்ல, அதுல இருந்து ஒரே கேள்விங்க. "அக்கா, படி ஏறுனா மூச்சு வாங்குது, என்ன கஷாயம் குடிக்கலாம்?" "எங்க அப்பாவுக்கு இளைப்பு, அதான் வீசிங், இதே ரசம் குடுக்கலாமா?" இத்தனை பேரு கேட்டது சந்தோசந்தான். ஆனா படிக்கப் படிக்க எனக்குப் பயமாப் போச்சுங்க. மூச்சு வாங்கறது நுரையீரலாலயும் வரும், இதயத்தாலயும் வரும், ரத்தம் கொறைஞ்சாலும் வரும், மனசுல பயம் புடிச்சாலும் வரும். எதுனாலன்னு தெரியாம கஷாயம் வச்சா என்ன ஆகும்னு எங்கூட்லயே பாத்துட்டேன். அதத்தான் சொல்லப் போறேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. திடீர்னு மூச்சு முட்டுது, கூடவே நெஞ்சு வலி இருக்குது, ஒதடோ நகமோ நீலம் பாரிக்குது, ஒரு வாக்கியத்த முழுசாப் பேசி முடிக்க முடியல, பேச்சு கொழறுதுன்னா இந்த வீடியோவப் பாத்துட்டு இருக்காதீங்க, 108-க்குப் போன் பண்ணுங்க. ஒரு காலு மட்டும் வீங்கி வலிச்சு, அப்பறம் திடீர்னு மூச்சு வாங்குனாலும் அதேதான். குளவி கொட்டியோ, எதயோ சாப்பிட்டோ மொகம் வீங்கி மூச்சு அடைச்சாலும் அதேதான். ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்டற ஆக்சிமீட்டர் இருந்தா வெரல்ல மாட்டிப் பாருங்க. சாதாரணமா 95-க்கு மேல இருக்கோணும். 90-க்குக் கீழ எறங்குனா ஒரு நிமிசங்கூட ஊட்ல வச்சுப் பாக்கக் கூடாதுங்க.

சரி, அம்மாயி கதைக்கு வர்றேன். எங்கம்மாவப் பெத்தவங்க, அம்மாயிக்கு இப்ப 76 வயசு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மார்கழில வறட்டு இருமல் ஆரம்பிச்சுது. பகல்ல நல்லாத்தான் இருப்பாங்க, மாட்டுக்குச் சோளத்தட்டு கூட அள்ளிப் போடுவாங்க. ராத்திரி படுத்தா இருமல். "பனிக்குச் சளி கட்டிக்கிச்சு கண்ணு, கஷாயம் வச்சுக் குடு"ன்னாங்க. வேலியோரம் ஆடாதோடை நெறைய நிக்குது. அஞ்சு எலை கிள்ளி, சுக்கு, மிளகு தட்டிப்போட்டு, தொண்டைக்கு எதமா இருக்கட்டும்னு அதிமதுரம் ஒரு துண்டும் சேத்து, காலைல ஒரு தரம், பொழுதோட ஒரு தரம் குடுத்தேன். மூணு வாரம் குடுத்தேனுங்க.

அந்த மூணு வாரத்துல கண்ணு முன்னாடி நடந்தத நான் கவனிக்கல. மொத வாரம் ஒரு தலகாணி. அப்பறம் ரெண்டு. அப்பறம் பழைய சேலைய மடிச்சு மூணாவதா வச்சுக்கிட்டாங்க. ஒரு நாள் ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் பாத்தா, கட்டல்ல செவுத்தோட சாஞ்சு உக்காந்துட்டு, ஜன்னலத் தொறந்து வச்சுக் காத்து வாங்கிட்டு இருக்காங்க. மார்கழிப் பனியிலங்க! செருப்பு இறுக்குது, புதுசு வாங்கோணும்னு வேற சொல்லிட்டு இருந்தாங்க. நானும் செருப்புத்தான் சுருங்கிப் போச்சுன்னு நெனச்சேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப டாக்டரம்மா மொதல்ல கேட்டதே, "பாட்டி, எத்தனை தலகாணி வச்சுப் படுக்கறீங்க?"ன்னுதான். எனக்கு ஒண்ணுமே புரியல. அப்பறம் குனிஞ்சு, அம்மாயி மொழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கட்டவெரல வச்சு அமுத்திப் புடிச்சாங்க. வெரல எடுத்தா, பூரி மாவுல குழி விழுந்த மாதிரி அப்படியே நிக்குது. ஈசிஜி, எக்கோன்னு இதயத்துக்கான டெஸ்ட்டெல்லாம் எடுத்தாங்க. இதயம் பம்ப் பண்ற பலம் கொறைஞ்சு, தண்ணி நுரையீரல்ல தேங்கியிருக்குது. படுத்தா கால்ல இருக்கற தண்ணியும் நெஞ்சுக்கு ஏறிவரும், அதான் படுத்தா இருமல், உக்காந்தா சரியாகுது. சளியே இல்லீங்க அது.

கஷாயத்துல என்னென்ன போட்டீங்கன்னு கேட்டாங்க. அதிமதுரம்னு சொன்னதும் பேனாவக் கீழ வச்சுட்டாங்க. அதிமதுரம் ஒடம்புல உப்பையும் தண்ணியையும் கட்டி வச்சுக்கும், பிரஷர ஏத்தும், பொட்டாசியத்தக் கொறைக்கும். இதய பலவீனம், பிரஷர் இருக்கறவங்களுக்கு ஆகவே ஆகாதாம். தண்ணி தேங்கித் தவிச்சுட்டு இருந்தவங்களுக்கு, மூணு வாரம் என் கையாலயே அதக் குடுத்திருக்கேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலீங்க. இந்த வீடியோ எடுக்கறதே அதுக்காகத்தான்.

ஆடாதோடையக் கொறை சொல்லலீங்க. அந்த எலையில இருக்கற வாசிசின்ங்கற சத்த வச்சுத்தான் புரோம்ஹெக்சின்னு சளிய எளக்கற மருந்தே உருவாச்சு. நாம குடிக்கற இருமல் டானிக் பலதுலயும் அது இருக்கும். நெஞ்சுல நெசமாவே கெட்டிச் சளி இருந்தா அது நல்ல எலை. ஆனா முழுகாம இருக்கறவங்க தொடவே கூடாது, கர்ப்பப்பையச் சுருங்க வச்சிரும்.

இப்ப எங்க அப்பா விசயம். அப்பா ஸ்பின்னிங் மில்லுல, பஞ்சச் சீவற கார்டிங் செக்சன்ல 22 வருசம். பஞ்ச ஒதறிச் சுத்தம் பண்ற புளோ ரூம், கார்டிங்ல வேலை செஞ்சவங்க இதப் பாத்துட்டு இருந்தீங்கன்னா நான் சொல்லப்போறது ஒடனே புரியும். ஞாயித்துக்கெழமை லீவு. திங்கக்கெழமை வேலைக்குப் போய்ச் சில மணி நேரத்துல நெஞ்ச யாரோ கயித்தால இறுக்கற மாதிரி இருக்கும். செவ்வாய், புதன்ல அதுவே கொறைஞ்சிரும். "லீவு போட்டா ஒடம்பு சோம்பேறியாயிருது"ன்னு அப்பா சொல்லுவாரு. அது சோம்பல் இல்லீங்க, பஞ்சுத் தூசியால வர்ற பிசினோசிஸ்ங்கற நோயோட அடையாளமே அந்தத் திங்கக்கெழமைதான். ஆரம்பத்துலயே தூசியில இருந்து வெலகிட்டா சரியாகும். கண்டுக்காம விட்டா திங்கக்கெழமை போய் எல்லா நாளும் இறுக்கும், அப்பறம் நுரையீரல் பழைய நெலமைக்குத் திரும்பாது. தொழிலாளர் சட்டத்துல தொழில்சார்ந்த நோய்ங்கற பட்டியல்லயே இது இருக்குது. அதனால டாக்டர்கிட்டப் போனா "மூச்சு வாங்குது"ன்னு மட்டும் சொல்லாம, எந்த மில்லு, எந்த செக்சன், எத்தனை வருசம்னு சொல்லுங்க. ஊதிப் பாக்கற டெஸ்ட் ஒண்ணு இருக்குது, ஸ்பைரோமெட்ரின்னு. அதையும் கேளுங்க. ஷிப்ட் முடியறப்ப காத்துக் கொழாயப் புடிச்சுத் துணியில இருக்கற பஞ்ச அடிச்சு விடுவாங்கள்ல, அதுவும் நேரா மூஞ்சிக்குத்தான் வருது. ஈரத்துணியில தொடைக்கறது எவ்வளவோ மேல்.

அப்பாவுக்கு இன்ஹேலர் எழுதிக் குடுத்தப்ப ஆறு மாசம் தொடவே இல்லீங்க. "பம்பு அடிக்கப் பழகிட்டா அப்பறம் விடவே முடியாது"ன்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்களாம். மாத்திரை மட்டும் போட்டுட்டு, கை நடுங்குது, நெஞ்சு படபடங்குதுன்னு உக்காந்திருந்தாரு. கணக்கு ஒண்ணு சொல்றேன். மூச்சுக்கொழாய விரிக்கற சால்பூட்டமால் மாத்திரை 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம்னு வருது. அதே மருந்து இன்ஹேலர்ல ஒரு தரம் அடிச்சா 100 மைக்ரோகிராம். இருவதுல ஒரு பங்கு, நாப்பதுல ஒரு பங்கு. போக வேண்டிய எடத்துக்கு நேராப் போறதால அவ்வளவு போதும். அடிமையாக்கற மருந்தும் இல்லீங்க. ஸ்டீராய்டு இன்ஹேலர்னா மட்டும் அடிச்சதும் வாயக் கொப்பளிச்சுத் துப்பிரணும், இல்லீன்னா வாயில வெள்ளை படியும்.

என் கதையும் ஒண்ணு இருக்குது, சின்னதுதான். ரெண்டாவது பையன் பொறந்தப்பறம் கொடத்தத் தூக்குனாலே மூச்சு வாங்கும். சளியும் இல்ல, இருமலும் இல்ல. ரத்தம் பாத்தா ஹீமோகுளோபின் 7.8. பொம்பளைங்களுக்கு 12 இருக்கோணும். இரும்புச்சத்து மாத்திரை, கூடவே முருங்கக்கீரை, நெல்லிக்கா. சாப்பிட்ட கையோட டீ குடிக்கறத நிறுத்துனேன், அது இரும்பச் சேர விடாது. நாலு மாசத்துல கொடம் லேசாயிருச்சு.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், பொழுதோட காய்ச்சல், ஒடம்பு எளைக்குதுன்னா சளியக் குடுத்துக் காசநோய்க்குப் பாத்துருங்க, அரசு ஆஸ்பத்திரியில டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். ஈரோடு பக்கத்து ஆளுங்களுக்குப் பெருந்துறை சானடோரியம் தெரியாம இருக்காது, அந்தப் பேருக்கே இந்த நோய்தான் காரணம். வாசல்ல வெந்நி அடுப்புக்கு மட்டை, பாளைன்னு எரிக்கறோம்ல, அந்தப் பொகை பீடிப் பொகை மாதிரியே நுரையீரலக் கெடுக்கும். ரோட்டோரம் வெள்ளப் பூ பூத்து நிக்குதே பார்த்தீனியம், அதோட மகரந்தம் ஒத்துக்காதவங்களுக்கு இளைப்பக் கெளப்பும். பூக்கறதுக்கு முன்னாடி, கைக்கு உறை மாட்டிட்டுப் புடுங்குங்க.

மருந்தில்லாம ஊட்லயே செய்யறது எதுன்னா, இத எல்லாருக்கும் சொல்லலாம். நான் செய்யறதப் பாருங்க. நாற்காலியில உக்காந்து இப்படி முன்னால குனிஞ்சு, ரெண்டு மொழங்கையையும் தொடை மேல ஊனிக்கோணும். தோள இறுக்கக் கூடாது. மூக்கால இழுங்க, ஒண்ணு, ரெண்டு. இப்ப ஒதட்டக் குவிச்சு, வெளக்கு அணையாம சுடர் மட்டும் ஆடற மாதிரி மெதுவா விடுங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இழுத்தத விட ரெண்டு மடங்கு நேரம் விடோணும். மூச்சுக்கொழாய் மூடிக்காம இருக்கும், உள்ள தங்குன காத்து வெளிய போகும். மூஞ்சிக்கு நேரா ஒரு விசிறி வீசுனாலும் நல்லாவே தெரியும். காப்பிகூடச் சித்த நேரத்துக்கு மூச்சுக்கொழாய லேசா விரிக்கும், ஆனா இன்ஹேலருக்குப் பதிலா அத வச்சுக்காதீங்க. ஆவி புடிக்கறது மூக்கடைப்புக்குச் சரி, இளைப்புக்கு அதனால தீராது. கொழந்தைங்களுக்குக் கொதிக்கற சட்டிய வச்சுப் போர்வைய மூடவே மூடாதீங்க, கொட்டிரும்.

அம்மாயி பல்லு வெளக்கிட்டு வந்துட்டாங்க. சித்த இருங்க. தெனமும் காலைல காப்பிக்கு முன்னாடி எடை பாக்கோணும். மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுனா தண்ணி சேருதுன்னு அர்த்தம், ஒடனே டாக்டரப் பாக்கச் சொல்லியிருக்காங்க. ஏறி நில்லுங்க அம்மாயி, செவுத்தப் புடிக்காதீங்க. 46.2. நேத்து 46.1. சரிங்க, எறங்குங்க, காப்பி போடறேன். வரட்டுமுங்க.