ஒரு நாள் விட்டுப்போனால் மீண்டும் முதலிலிருந்தா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடாமல் துளைத்துக்கொண்டிருந்தது. குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்திலிருந்து, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று யாரோ பேசியதைக் கேட்டு, நாள்தோறும் நான்கு மணி நேரம் படிப்பது என்று தொடங்கியிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு நாளில் ஏதாவது ஒரு காரணத்தால் ஒரு நாள் விட்டுப்போகிறது. உடனே மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறார். இப்படி மூன்று முறை ஆகிவிட்டதாம். "என் அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், அவர் ஒரு நாளும் தவறியதில்லை, எனக்கு மட்டும் ஏன் அந்த மன உறுதி இல்லை?" என்று முடித்திருக்கிறார்.

முதலில் அந்த 21 நாள் கணக்கைத் தீர்த்துவிடுவோம். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆவதைக் கவனித்து 1960இல் எழுதினார். அது அவர் தம் நோயாளிகளிடம் கண்டது. பழக்கங்களை அளந்து பார்த்த ஆய்வு அன்று. அப்படி அளந்து பார்த்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும். 96 பேர், மதிய உணவோடு ஒரு பழம் உண்பது போன்ற ஏதேனும் ஒரு சிறு செயலை 12 வாரம் செய்துவந்தார்கள். அச்செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட, நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது; இதில் 12 வாரத்தைத் தாண்டியவை, பதிவான போக்கை வைத்துக் கணித்தவை. தம்பி கவனிக்க வேண்டியது வேறொரு முடிவு: இடையில் ஒரு முறை தவறியதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை. அப்படியிருக்க, விட்டுப்போன ஒரு நாளுக்காக முந்தைய பன்னிரண்டு நாளையும் அழித்துவிட்டு எண்ணுவது, யாரும் விதிக்காத அபராதத்தை நீங்களே கட்டுவதாகும்.

இனி உங்கள் அப்பாவிடம் வருவோம். அவர் ஒரு நாளும் தவறியதில்லை என்கிறீர்கள். எங்கள் குமரி மாவட்டத்து மேற்குப் பகுதியில், களியக்காவிளை வரை ரப்பர்த் தோட்டங்களுக்கு இடையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பாலுக்காக ஒரே மரத்தின் பட்டையைப் பொதுவாக ஒவ்வொரு நாளும் வெட்டுவதில்லை; ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவார்கள். பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. நமக்கோ தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. இலை உதிர்ந்து துளிர்க்கும் காலத்திலும் மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். ஆகவே உங்கள் அப்பா வெட்டாத நாட்கள் ஆண்டில் ஏராளம், தம்பி. அவரைப் பால்வெட்டு தெரியாதவர் என்று எவரும் சொன்னதில்லை.

மழை விட்ட மறுநாள் அவர் என்ன செய்கிறார் என்று ஒரு முறை கூடவே போய்ப் பாருங்கள். தலைவிளக்கு வெளிச்சத்தில், வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்தெடுத்துவிட்டு, அதே சரிவில், வழக்கமான மெல்லிய சீவலாக ஒரே ஒரு சீவல். சிரட்டையை நேராக்கிவிட்டு அடுத்த மரம். போன நாட்களின் பாலையும் இன்றே எடுத்துவிட வேண்டும் என்று அவர் கத்தியை ஆழமாக இறக்குவதில்லை. இறக்கினால் உள்ளே இருக்கும் வளர்திசுவில் காயம் பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே சரியாக வெட்டவே முடியாது. நீங்கள் செய்தது அந்த ஆழ வெட்டுதான் என்று நினைக்கிறேன். ஏனெனில் அதே கடிதத்தில், விட்டுப்போன நாளை ஈடுகட்ட மறுநாள் எட்டு மணி நேரம் உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கடுத்த நாள் புத்தகத்தைக் கண்டாலே கசந்திருக்கும். விட்டதற்கு மறுநாள் வழக்கமான அளவே செய்ய வேண்டும், ஒரு பக்கம் கூடக் கூட்டக் கூடாது என்று நான் முந்தைய பேச்சுகளிலும் சொல்லியிருக்கிறேன், சலிக்காமல் இனியும் சொல்வேன். மீண்டெழுவது என்று மேடைகளில் பெரிதாக முழங்கப்படுவது பெரும்பாலும் இவ்வளவு சாதாரணமான செயல்தான்.

மன உறுதியைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் வேறொன்றைக் கேட்டிருக்கலாம் என்பது என் ஆசை: எந்த வேலை முடிந்த கையோடு படிக்க உட்காருவது? அப்பா விடியுமுன் எழுவதற்கு, வைராக்கியத்தைக் காட்டிலும் வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடுவதே காரணம். நேரத்தை மரமே குறித்துக் கொடுத்துவிடுகிறது. கத்தி முதல்நாளே தீட்டப்பட்டிருக்கும், வாளி வாசலில் இருக்கும். இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று அவர் நாள்தோறும் தம்மோடு வழக்காடுவதில்லை. நீங்களோ 'இன்று நான்கு மணி நேரம்' என்று மட்டும் முடிவு செய்துவிட்டு, எப்போது, எங்கே என்பதைத் திறந்து விட்டுவிடுகிறீர்கள். அந்த இடைவெளியில்தான் கைப்பேசி நுழைகிறது. இன்ன வேலை முடிந்ததும் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

குரூப் 4 தாளின் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கணக்குகள். அவை கைப்பழக்கத்தால் மட்டுமே வருபவை என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். காலைக் கட்டன்சாயா குடித்துத் தம்ளரைக் கழுவி வைத்ததும் பத்துக் கணக்கு. நோட்டும் பேனாவும் முந்தைய இரவே அந்த இடத்தில் இருக்கட்டும். பத்து முடிந்தபின் மனம் ஓடினால் இன்னும் படியுங்கள், ஓடாவிட்டால் எழுந்துவிடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு எப்போது போவது என்று கேட்பீர்கள். இந்தப் பத்துக் கணக்கு யாரும் நினைவூட்டாமலே நடக்கத் தொடங்கிய பிறகு அதைப் பேசலாம். இடையில் திருவிழாவோ காய்ச்சலோ வந்து விட்டுப்போனால், மறுநாள் அதே பத்துதான், பதினொன்று வேண்டாம்.