வேப்பிலை நிழல் தின்ற அரை எம்பி!

வணக்கம் மக்களே. இன்றைக்கு சமையல் இல்லை. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு ஜிஃப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் குட்டிப் படம், தளத்தில் ஏறியது, அந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வீடியோவில் போட்டேனே, 15 புள்ளி, 8 வரை இடுக்குப் புள்ளி, அந்தக் கோலம். அதை ஓடும் படமாக ஒரு தளத்தில் ஏற்ற வேண்டும். 2 எம்பிக்கு மேல் வாங்க மாட்டார்கள். என்னுடையது 11.4! எம்பி4 வீடியோவாகக் கொடுத்தால் சில நூறு கேபியில் முடிந்துவிடும், ஆனால் அங்கே ஜிஃப் மட்டும்தான். 1987-ல் வந்த வடிவம் அது, ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஓட்டத்தில் வரும் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், 256 நிறம்தான் உச்சம். இன்றைக்கும் அதையே கட்டிக்கொண்டு அழச் சொல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சரி, அகலத்தை 800 பிக்சலிலிருந்து 480 ஆக்கினேன். பரப்பு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். 4.6 வந்தது. அப்புறம் ஒன்று விட்டு ஒன்று ஃப்ரேமை நீக்கினேன், 2.9. அடுத்து நிறம். வெள்ளை மாவு, சாணம் தெளித்த தரை, என் கை. இதற்கு 256 எதற்கு? 32 போதும். கூடவே டிதரிங்கை அணைத்துவிடுங்கள். இல்லாத நிறத்தைக் காட்ட அது பொடிப்பொடியாகப் புள்ளி தூவும். ஒரே நிறம் வரிசையாக வந்தால்தான் ஜிஃப் நன்றாகச் சுருங்கும், அந்தப் புள்ளிகள் வரிசையை உடைத்துவிடும்.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். ஃப்ரேமைப் பாதியாக்கினால் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவிலுள்ள நேர இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். ஜிஃப்பில் அது நூறில் ஒரு நொடிக் கணக்கு. 5 இருந்ததை 10 ஆக்கினேன். மறந்தால் கோலம் தலைதெறிக்க ஓடும்.

இவ்வளவும் செய்து வந்தது 2.06. வெறும் 0.06 அதிகம்! எத்தனை தடவை ஏற்றினாலும் அதே சிவப்பு எழுத்து. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

பிறகு பெரிதாக்கி ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளினேன். வலது மேல் மூலையில் வேப்பிலை நிழல், விரல் நீளம்தான், விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறாத இடத்தை ஒளிபுகும் புள்ளியாக விட்டுவிடலாம், எடை அவ்வளவாக ஏறாது. மாறும் இடத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். ஸ்டாண்டில் வைத்து எடுத்ததால் தரை அசையவில்லை, என் கையும் அந்த நிழலும்தான் அசைந்தன.

அந்த ஓரத்தை வெட்டினேன். கோலத்தில் ஒரு புள்ளிகூடப் போகவில்லை. 1.53! ஏற்றினேன், ஏறிவிட்டது. நிழலே அரை எம்பியைத் தின்றிருக்கிறது!

தரத்தைக் குறைத்துச் சுருக்கும் லாஸி என்ற வசதியைத் தொடவே இல்லை. கோலத்தின் இழை கலங்கினால் எனக்குப் பொறுக்காது. இதோ, திரையில் ஓடவிடுகிறேன், கடைசிச் சுழியில் மாவு விழுவதைப் பாருங்கள்.