ஆடியில் விதைக்கலாமா? வன்னி வளவுக்கு ஏற்ற மாதங்கள்: சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி இலங்கையின் வடக்கே, வன்னியில் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். "ஆடிப்பட்டம் தேடி விதை என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். நானும் இந்த ஆடியில் வெண்டி, பயற்றை, கத்தரி எல்லாம் போட்டேன். பாதி முளைக்கவில்லை, முளைத்ததும் கருகிவிட்டது. பருவத்தோடு ஒத்து வாழச் சொல்கிறீர்கள், அது எங்கள் பக்கம் எப்படி? வருடம் முழுக்க வளவிலிருந்து கறிக்கு எடுக்கவே முடியாதா?"

தங்கச்சி, உங்கள் கையில் பிழை இல்லை. விதையிலும் பிழை இருக்காது. மாதம்தான் பிழை.

ஆடிப்பட்டம் என்ற பழமொழி பொய் இல்லை. அது காவிரிக்கரைக்குப் பொருந்தும். அங்கே வழக்கமாக ஜூன் 12 அளவில் மேட்டூர் அணையைத் திறப்பார்கள், ஆடி 18 இல் ஆற்றில் புதுத் தண்ணீரைக் கண்டு கொண்டாடுவார்கள். தண்ணீர் வருகிற மாதத்தில் விதைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். எங்களுக்கு அதே ஆடியில் என்ன நடக்கிறது? தென்மேற்குப் பருவக்காற்று மழையை எல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டு வெறும் காற்றாகத்தான் வன்னிக்கு வந்து சேர்கிறது. அதைத்தான் சோளகம் என்கிறோம். வைகாசி பிறந்தால் ஆவணி வரைக்கும் அடிக்கும். மண்ணில் இருக்கிற ஈரத்தை இழுக்கும், இளங்கன்றின் இலையைக் கருக்கும், குலை போட்ட வாழையைச் சரிக்கும். அந்த நேரத்தில் விதையைப் போட்டுவிட்டு வாளி வாளியாக ஊற்றினாலும் மேல்மண் மாலைக்குள் காய்ந்துவிடும்.

எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வருடத்தின் பெரும்பங்கு மழை இந்த மாதங்களில்தான். இரணைமடுக் குளமும் முத்தையன்கட்டுக் குளமும் வவுனிக்குளமும் இந்தத் தண்ணீரைத் தேக்கி வைத்துத்தான் மற்ற மாதங்களை ஓட்டுகின்றன. காலபோகத்தை, அதாவது மாரிகால நெல்லை, மழையை நம்பி விதைக்கிறோம். கோடைகாலச் சிறுபோகம் என்றால் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் வைத்து, இவ்வளவு ஏக்கர்தான் என்று முடிவெடுக்கிறார்கள். வயலுக்கு இத்தனை நிதானம் பார்க்கிற நாங்கள் வீட்டுத்தோட்டத்தை மட்டும் நினைத்த நேரம் போடலாம் என்று நினைக்கிறோம். அது சரிவராது. கிணற்றில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எத்தனை பாத்தி என்று தீர்மானிக்க வேண்டும்.

சரி, எப்போது தொடங்குவது? புரட்டாதியில். மானாவாரி வயல்காரர் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானம் பார்க்கிற அதே நேரம், வீட்டில் மிளகாய்க்கும் கத்தரிக்கும் நாற்றுமேடை போட வேண்டும். மூன்று அடி அகலம், அரை அடி உயரம் போதும். மேலே வைக்கோலும் உமியும் பரப்பி எரித்துவிடுங்கள், மண்ணில் இருக்கிற பூஞ்சணமும் களை விதையும் குறையும். சூடு ஆறிய பிறகு எருவைக் கலந்து, கோடு கீறி, விதையை மெல்லியதாகப் போட்டு மூடுங்கள். மேலே வைக்கோலை மெல்லியதாகப் பரப்பலாம், முளை தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். பந்தல் மாதிரிக் கிடுகு (பின்னிய தென்னோலை) கட்டி, பூவாளியால் காலையும் மாலையும் தண்ணீர். நடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே கிடுகைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக் கன்றை வெயிலுக்குப் பழக்குங்கள். நான்கைந்து கிழமையில் கன்று தயாராக, வெளியே மழையும் தொடங்கியிருக்கும். நடுவது எப்போதும் பின்னேரத்தில்.

வெண்டி, பயற்றை, பூசணி, சோளம், கச்சான் (நிலக்கடலை) இவற்றுக்கு நாற்றுமேடை வேண்டாம், நேரே விதைக்கலாம். ஆனால் முதல் தூறலைக் கண்டதும் ஓடிப்போய்ப் போடாதீர்கள். எங்கள் செம்மண் கோடையில் கல்லுப்போல இறுகிக் கிடக்கும், நனைந்தால் மண்வெட்டியில் ஒட்டும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நாள்தான் அது வேலைக்கு இசையும். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், பெருவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். கையில் பிசுபிசுத்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். உருண்டையே வராவிட்டால் மழை போதவில்லை. மாதக் கணக்கை விட நான் நம்புவது இந்தப் பிடி மண்ணைத்தான். ஏனென்றால் மழை சில வருடம் முந்தும், சில வருடம் பிந்தும்.

மாரியில் பாத்தி மேடாக இருக்க வேண்டும், கோடையில் பள்ளமாக இருக்க வேண்டும். இதை மட்டும் மாற்றிச் செய்தாலே பாதித் தோட்டம் தப்பும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு மழை வந்தால் எந்தப் பாத்தியும் தாங்காது, உண்மைதான். ஆனால் வழக்கமான கார்த்திகை மழைக்கு ஓர் அடி மேடும் தண்ணீர் ஓட ஒரு வாய்க்காலும் இருந்தால் வேர் அழுகாது.

தக்காளிதான் பலருக்கும் ஏமாற்றம் தருகிறது. அடைமழையில் அது இலை கருகி, காய் அழுகிப் போகும். அதற்குக் கார்த்திகைக் கடைசியில் நாற்றுப் போட்டு, மழை விட்டபின் தையில் நடுங்கள். தையும் மாசியும் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்குக் கிடைத்த பொன்னான நேரம். இரவில் பனி, பகலில் அளவான வெயில், கிணறு நிறையத் தண்ணீர். அந்த இரண்டு மாதத்தையும் வீணாக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. வருடம் முழுக்க எடுக்கலாம், ஆனால் ஒரே காயை எடுக்க முடியாது. கோடையில் வெண்டிக்காயும் தக்காளியும்தான் வேண்டும் என்று நின்றால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், வெள்ளை ஈயும் இலைச்சுருளும் வரும், அதற்கு மருந்தடிக்கத் தோன்றும். கோடைக்கென்று இருப்பவை முருங்கையும் மரவள்ளியும் அகத்தியும் கறிவேப்பிலையும். மாரி தொடங்கமுதல் இவற்றை நட்டுவிட்டால் மழையில் வேர்பிடித்துவிடும். மரவள்ளியை மட்டும் காற்றுக்கு மறைவாக வையுங்கள். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் வாழையும் பொன்னாங்காணியும். அதற்குமேல் பாத்தி வேண்டும் என்றால் இரண்டே இரண்டு போதும்: பள்ளமாக வெட்டி, அடியில் பொச்சுமட்டையை (தேங்காய் மட்டையை) உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மண் போட்டு மூடி, அதில் கீரை போடுங்கள்.

சாப்பாடும் அப்படித்தான். மழை தொடங்கியதும் வேலியில் முசுட்டை தளிர்க்கும், அதை வறை செய்து சாப்பிடுகிற காலம் அது. தையிலும் மாசியிலும் பனங்கிழங்கு. பங்குனி வெயிலில் பாகற்காய் வற்றலும் மோர்மிளகாயும் காயப்போட வேண்டும், வேம்பு பூத்ததும் வேப்பம்பூ வடகம். பிறகு பாலைப்பழம். சோளகம் அடிக்கிற மாதங்களில் இந்த வற்றலும் வடகமும் மரவள்ளியும் சேர்ந்தால் சந்தைக்குப் போகிற தேவை நன்றாகக் குறையும். 2022 இல் விலை ஏறி எரிபொருளும் இல்லாமல் நின்றோமே, அப்போது வளவில் முருங்கையும் மரவள்ளியும் நின்ற வீடுகளுக்கு அதன் அருமை தெரியும்.

குரங்கையும் மயிலையும் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள், அது தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம். இன்னொரு நாள் விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது ஆவணி. தங்கச்சி, கருகிய பாத்தியைக் கிண்ட வேண்டாம், அப்படியே விடுங்கள். வேலியில் சீமைக்கிளுவை நின்றால் குழையை வெட்டி, சாணியும் சருகும் கலந்து குவித்து நனைத்து மூடி வையுங்கள், மழைக்குள் பசளையாகிவிடும். வேலியில் மாடு வருகிற பொட்டுகளை (இடைவெளிகளை) அடைத்து, நாலு கிடுகு வாங்கி வைத்துவிட்டால் புரட்டாதி பிறந்தவுடன் நாற்றுமேடை போடலாம். மிளகாயும் கத்தரியும் முதலில்.