சிப்பாய்க்கு ஆதரவு என்றால் போருக்கு ஆதரவா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வியை மதுரையிலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன். "வியட்நாம் போரை எதிர்த்து அமெரிக்க மாணவர்கள் நடத்திய ஊர்வலங்களைப் பற்றிப் போன முறை சொன்னீர்கள். பழமைவாதிகள் அப்போது வீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்களா? 'எங்கள் வீரர்களை ஆதரிக்கிறோம்' என்று சொன்னவர்கள் உண்மையில் போரைத்தானே ஆதரித்தார்கள்?"

கொஞ்சம் குத்தலான கேள்விதான். முதல் பாதிக்குப் பதில் எளிது: அவர்கள் வேடிக்கை பார்க்கவில்லை. இரண்டாம் பாதிக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. அதற்கு ஒரு காப்பின் கதையைச் சொல்ல வேண்டும். கையில் போடுகிறோமே, அந்தக் காப்பு.

லாஸ் ஏஞ்சலிஸில் 1960களின் நடுவில் பழமைவாத மாணவர்கள் சிலர் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பெயர், 'விக்டரி இன் வியட்நாம் அசோசியேஷன்'. போர் எதிர்ப்பு அலை அடித்துக்கொண்டிருந்த கல்லூரி வளாகத்தில் 'வியட்நாமில் வெற்றி' என்று பலகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யார் அருகில் வருவார்கள்? சுருக்கப் பெயரான 'விவா'வை அப்படியே வைத்துக்கொண்டு, முழுப் பெயரை 'வாய்சஸ் இன் வைட்டல் அமெரிக்கா' என்று மாற்றினார்கள். வெற்றி என்ற சொல் பெயரிலிருந்து போய்விட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே வருகிறேன்.

அந்த அமைப்பில் கேரல் பேட்ஸ், கே ஹன்டர் என்று இரண்டு மாணவிகள் இருந்தார்கள். போர் சரியா தவறா என்ற சண்டைக்குள் விழாமல், வீரர்களுக்காக ஏதாவது செய்ய முடியுமா என்பது அவர்கள் கவலை. அப்போது பாப் டோர்னன் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர், காணாமல்போன விமானிகளின் மனைவியரை அவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். இவர் பின்னாளில் குடியரசுக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். டோர்னன் கையில் ஒரு காப்பு இருந்தது. வியட்நாமின் மலைவாழ் மக்களிடம் பெற்றது, போரின் துயரத்தை மறக்காமல் இருக்கப் போட்டிருக்கிறேன் என்றார். மாணவிகள் இருவரும் முதலில் அங்கேயே போய் அதேபோன்ற காப்புகளை வாங்கிவரலாமா என்று யோசித்தார்கள். இரண்டு கல்லூரிப் பெண்களைப் போர் நடக்கும் நாட்டுக்கு யார் அனுப்புவார்கள்? சரி, இங்கேயே செய்துகொள்வோம், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு போர்க்கைதியின் பெயரைப் பொறிப்போம் என்று முடிவானது. பதவி, பெயர், அவர் பிடிபட்ட அல்லது காணாமல்போன தேதி, அவ்வளவுதான். முழக்கம் எதுவும் கிடையாது.

1970 நவம்பர் 11, அங்கே முன்னாள் படைவீரர் நாள். அன்றைக்குப் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். பெயருக்குரியவர் வீடு திரும்பும்வரை காப்பைக் கழற்றக் கூடாது என்பது நிபந்தனை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை ஊரைவிட்டு வெளியே தங்குவதில்லை அல்லவா? கிட்டத்தட்ட அப்படி ஒரு நேர்ச்சை. விலை இரண்டரை டாலர். மாணவர்களுக்கு அப்போது சினிமா டிக்கெட் என்ன விலையோ அதையே வைத்தார்கள். கொஞ்ச நாளில் பெரியவர்கள் செம்பில் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். டென்னிஸ் ஆடி வரும் முழங்கை வலிக்குச் செம்பு நல்லது என்று ஒரு நம்பிக்கை. அதற்கு மூன்று டாலர். தேசபக்தியும் கை வைத்தியமும் ஒரே காப்பில்!

உச்சத்தில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் பேர் கேட்டு எழுதினார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் காப்புகள் போயின. போரை ஆதரித்தவர்களும் போட்டார்கள், எதிர்த்தவர்களும் போட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் இரு தரப்பும் ஒரே பொருளை அணிந்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

இதில் அரசியல் இல்லையா என்றால், இருக்கிறது. அதிபர் ஜான்சன் ஆட்சியில் கைதிகளின் குடும்பங்களிடம் 'வாயைத் திறக்காதீர்கள், அதுதான் அவர்களுக்கு நல்லது' என்றார்கள். அதைச் சகிக்காமல் மற்ற மனைவியரைத் திரட்டியவர் சிபில் ஸ்டாக்டேல். அவர் கணவர் 1965இல் சுட்டு வீழ்த்தப்பட்ட கடற்படை விமானி. 1969இல், அடுத்து வந்த அதிபர் நிக்சனின் அரசு கொள்கையை மாற்றி, கைதிகள் நடத்தப்படும் விதத்தைத் தானே வெளியே பேச ஆரம்பித்தது. நிக்சனுக்கு இதனால் லாபம். வெற்றிக்காகப் போரிடுகிறோம் என்றால் யாரும் நம்பாத காலம் அது. நம் பிள்ளைகளை மீட்க வேண்டும் என்றால் மறுக்க ஆள் இல்லை. மாணவர்கள் பெயர்ப் பலகையிலிருந்து வெற்றியை எடுத்த அதே வேலையைத்தான் வெள்ளை மாளிகையும் செய்தது என்பது என் கணிப்பு. அதற்காக அந்த மாணவிகளின் கவலை பொய்யாகிவிடாது. உண்மையான கவலையாக இருந்ததால்தான் அது அரசியலுக்கு அவ்வளவு நன்றாகப் பயன்பட்டது.

1973இல் 591 பேர் திரும்பி வந்தார்கள். தங்கள் பெயர் பொறித்த காப்புகள், முன்பின் தெரியாதவர்களிடமிருந்து தபாலில் வந்து குவிந்ததைப் பார்த்தவர்கள் அவர்களில் பலர். திரும்பாதவர்களின் காப்பை என்ன செய்வது? கழற்றக் கூடாது என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டதே. இன்னும் உயிரோடு சிறையில் இருக்கிறார்கள், அரசுதான் மறைக்கிறது என்ற சந்தேகம் அங்கேதான் வளர்ந்தது. அப்படி யாரும் உயிரோடு இருப்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று செனட் குழு ஒன்று 1993இல் சொல்லியும் சிலர் ஏற்கவில்லை. அந்தக் குழுவில் இருந்த செனட்டர் ஜான் மெக்கெய்னை அவர்கள் துரோகி என்றே ஏசினார்கள். வட வியட்நாமின் ஹனோய் சிறையில் போர்க்கைதியாக ஐந்தரை ஆண்டு கிடந்த மனிதரை!

இராக் போர்க் காலத்துக்கு வருகிறேன். கான்சஸ் மாநிலத்தில் 2005இல் 'பேட்ரியட் கார்ட் ரைடர்ஸ்' உருவானது. மோட்டார் சைக்கிளில் வந்து, வீரர்களின் இறுதிச் சடங்கில் கொடி பிடித்து வரிசையாக நிற்பவர்கள். குடும்பத்தார் அழைத்தால்தான் வருவார்கள். எதிரே நின்றவர்கள் இடதுசாரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். டொப்பீக்கா நகரத்தின் வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சர்ச்காரர்கள். ஓரினச்சேர்க்கையை நாடு சகித்துக்கொள்வதால் கடவுள் வீரர்களைக் கொல்கிறார் என்று பலகை பிடித்து, சாவு வீட்டின் முன்னால் கத்துகிற கூட்டம். மேரிலாந்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் அவர்கள்மீது வழக்குப் போட்டார். 2011இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அதுவும் பேச்சுரிமைதான் என்று சொல்லிவிட்டது. சட்டம் தடுக்காததைக் கொடிகளாலும் எஞ்சின் உறுமலாலும் மறைத்தவர்கள் இந்த மோட்டார் சைக்கிள்காரர்கள். எனக்கு இவர்கள்மேல் மரியாதை உண்டு.

வாஷிங்டனில் நடந்ததைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை, ஜார்ஜியா அவென்யூ. 2005இலிருந்து அதன் வாசலில் வெள்ளிக்கிழமை மாலைகளில் 'கோட் பிங்க்' பெண்கள் போருக்கு எதிராக நின்றார்கள். அவர்களுக்கு எதிராக 'ஃப்ரீ ரிபப்ளிக்' என்ற இணையதளத்தில் கூடும் பழமைவாதிகள் கொடியோடு நின்றார்கள். உள்ளே காயம்பட்ட வீரர்கள். நாங்கள்தான் வீரர்களின் பக்கம் என்று இரு தரப்பும் சொன்னது. 2007 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட்டின் டேனா பிரீஸ்ட், ஆன் ஹல் என்ற இரண்டு செய்தியாளர்கள் அதே சாலையில், மருத்துவமனை வாசலுக்கு வெளியே இருந்த 18ஆம் எண் கட்டடத்தைப் பற்றி எழுதினார்கள். முன்பு விடுதியாக இருந்த கட்டடம் அது. சிகிச்சை தொடரும் வீரர்களை அங்கே தங்கவைத்திருந்தார்கள். சுவரில் பூஞ்சை, தரையில் எலிப் புழுக்கை, கரப்பான் பூச்சி. ராணுவச் செயலர் பதவி விலகும் அளவுக்குப் போனது. வாரம் தவறாமல் அந்தச் சாலையில் நின்ற இரண்டு கூட்டங்களில் எதுவும் இதை வெளியே கொண்டுவரவில்லை.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு நான் பதில் சொல்வதைவிட, 2008 செப்டம்பர் 26 அன்று அதிபர் தேர்தல் வேட்பாளர்களான ஒபாமாவும் அதே மெக்கெய்னும் நடத்திய விவாதத்தைப் பாருங்கள். மெக்கெய்ன் தன் கையிலிருந்த காப்பைக் காட்டினார். இராக்கில் இறந்த ஒரு வீரரின் பெயர் அதில் இருந்தது. தன் மகனின் சாவு வீண்போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தாய் கொடுத்தது என்றார். ஒபாமா, என்னிடமும் ஒரு காப்பு இருக்கிறது என்றார். இன்னொரு தாய்க்கு இந்தக் கதி வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வீரரின் தாய் அவரிடம் கொடுத்தது. ஒருவர் போரைத் தொடர வேண்டும் என்பதற்கும் மற்றவர் முடிக்க வேண்டும் என்பதற்கும் அதே மாதிரிக் காப்பைத்தான் காட்டினார்கள். அந்த மேடையில் இருந்த இருவரில் ஒருவருடைய பெயரையே 1970களில் எத்தனையோ பேர் தங்கள் கையில் அணிந்திருந்தார்கள்.

அடுத்த கேள்வி, திருச்சியிலிருந்து.