பிரட்டுக்கு நேரம் கொடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

யாருக்காவது காய்ச்சல் என்றால், பார்க்கப் போகிறவர் கையில் ஒரு பாக்கெட் பிரட் இருக்கும். பாலில் தோய்த்துக் கொடுப்போம். அப்படி நோயாளிக்கென்று வாங்கிய பொருள் இன்று பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்குள் வந்துவிட்டது. தினம் சாப்பிடுகிற பொருள் என்று ஆனபிறகு, அது எப்படிச் செய்யப்படுகிறது என்று கேட்கத்தானே வேண்டும்?

பிரட் மாவும் இட்லி மாவும் உறவுக்காரர்கள். இரண்டும் புளிக்க வேண்டும். இட்லி மாவை ராத்திரி முழுக்க விட்டுவைக்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரட்டும் காலங்காலமாக அப்படித்தான் புளித்தது. 1961-ல் இங்கிலாந்தின் சோர்லிவுட்டில் இருந்த ஆராய்ச்சி நிலையம் ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. மாவை இயந்திரத்தில் அதிவேகமாக அடித்துப் பிசைந்து, மணிக்கணக்கான புளிப்பு நேரத்தை வெட்டிவிட்டார்கள். பிரட் மலிவானது, பஞ்சு போல ஆனது. ஆனால் ஒன்றை இழந்தோம். கோதுமைத் தவிட்டில் இரும்பும் துத்தநாகமும் இருக்கின்றன. அங்கேயே இருக்கும் ஃபைட்டிக் அமிலம் அவற்றை உடலுக்கு எளிதில் விட்டுத்தராது. மாவு நிதானமாகப் புளித்தால்தான் அந்தப் பிடி தளரும்.

அவசரத்துக்குத் துணையாக ரசாயனங்களும் வந்தன. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2016-ல் 38 பிரட், பன் மாதிரிகளைச் சோதித்தது. 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்தது. புரோமேட் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள். அந்த ஆண்டே இந்தியாவில் அதற்குத் தடை வந்தது. தடை வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அத்தனை வருடம் பிள்ளைகளுக்குக் கொடுத்தோமே என்ற வருத்தம் மட்டும் இன்னும் போகவில்லை.

கடையில் வாங்கினால் நிறத்தைப் பார்க்காதீர்கள். கேரமல் நிறம் சேர்த்தாலே பிரட் பழுப்பாகிவிடும். பாக்கெட்டின் பின்பக்கம் எது முதலில் இருக்கிறதோ அதுதான் அதிகம். அங்கே மைதா இருந்தால் அது மைதா பிரட்தான்.

வீட்டில் செய்வது சிரமமே இல்லை. அரைக் கிலோ கோதுமை மாவு, ஒன்றரை தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி ஈஸ்ட். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகப் பிசையுங்கள். மில்லில் அரைத்த மாவு தண்ணீரை நிறையக் குடிக்கும், பயப்படாமல் ஊற்றலாம். ஒரு மணி நேரம் வெளியே வைத்து, அப்புறம் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். காலையில் எடுத்து, எண்ணெய் தடவிய அச்சில் வைத்து, உப்பியதும் ஓவனில் 200 டிகிரியில் முக்கால் மணி நேரம். மைதா பிரட் போல உயராது. உயர வேண்டிய அவசியமும் இல்லை.

சரி, சுட்டாயிற்று. இரண்டாம் நாள் பிரட் விறைப்பாகிறதே, அது காய்ந்துபோனதால் மட்டும் அல்ல. வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகுகிறது. ஃபிரிட்ஜின் குளிரில்தான் அது வேகமாக நடக்கும். ஆகவே பிரட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். இரண்டு நாளுக்கு வேண்டியதை வெளியே வைத்து, மீதியைத் துண்டு போட்டு ஃபிரீசரில் வையுங்கள். எடுத்து நேராகத் தோசைக்கல்லில் போட்டால் மறுபடி மென்மையாகும்.

விறைத்த பிரட் கெட்ட பிரட் அல்ல. இத்தாலியின் டஸ்கனியில் பழைய ரொட்டியைக் காய்கறி சூப்பில் போட்டு மறுபடி கொதிக்கவைப்பார்கள். அந்த ஊரின் பெருமைமிக்க சாப்பாடு அது. நம்மிடம் பிரட் உப்புமா இருக்கிறது. வெங்காயம், தக்காளி, கடுகு தாளித்து உதிர்த்துப் போட்டால் போதும். முனைத் துண்டுகளை வெயிலில் காயவைத்துப் பொடித்தால் கட்லெட்டுக்கு ஆகும். பூஞ்சணம் கண்ட பிரட்டில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். பச்சையாகத் தெரியும் இடத்தைக் கிள்ளி எறிந்தாலும் அதன் இழைகள் உள்ளே ஓடியிருக்கும்.

இந்த மேசையில் இருப்பது முந்தாநாள் காலையில் நான் சுட்டது. போகும்போது ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் விறைப்பாக இருக்கும். வீட்டில் கல்லில் வாட்டிப் பாருங்கள். முனைத் துண்டு இரண்டும் முதலில் கேட்கிறவர்களுக்கு.